சல்ஃபா ஆகாத உடம்பு

சென்னை,
ஆகஸ்ட் 2007

கர்த்தருக்குள் பிரியமான மகள் மெர்சிக்கு அப்பா எழுதுவது. ஐதராபாத்தில் நீயும் உன் கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்றே எழுதச் சொல்கிறாள். போனில் சொன்னால் நீ அழுவாய் என்று, கடிதமாக எழுதி, இன்று ராத்திரி ஐதராபாத்துக்கு ரயிலேறும் உன் மாமன் மகன் பென்னியிடம் கொடுத்தனுப்பச் சொன்னவளும் அவள்தான்.

ஈஸ்டருக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாயே, அம்மாவுக்கு சல்ஃபா மாத்திரை ஆகாது என்பதை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடு, அதற்கென்று ஒரு கோடு நம்பர் இருக்கிறது என்று. அமெரிக்காக்காரன் நோய்க்கெல்லாம் நம்பர் போடுகிற என் மகள் சொல்லி நான் செய்யாமல் இருப்பேனா? (நீ நோய்க்கு நம்பர் போடுகிறாய் என்றால் கவரைப்பேட்டையில் லாட்டரிக் கம்பெனியா என்று கேட்கிறார்கள். அது போகட்டும்.) நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போய்ப் பதியச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பர்ஹானா நல்ல பெண்தான். ஆனால் முன்பு எப்போதோ வந்த அலர்ஜிக்கு ஒரு நம்பராம், இப்போது வந்திருக்கிற அலர்ஜிக்கு வேறு நம்பராம். அந்தப் பெண் இரண்டாவதைப் போட்டுவிட்டது. அது நமக்கு எப்படித் தெரியும்? முட்டிவலி என்று அம்மா போய் நின்றபோது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதறி, படுக்கவைத்து, அலர்ஜிக்கு ஊசி போட்டுவிட்டார். "முட்டி வலிக்கு தோள்லயா ஊசி போடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனவளை ஆட்டோவில் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினேன். எதிர்வீட்டு கங்கம்மா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு அழவே வந்துவிட்டாள்.

மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். "இன்னாம்மா இது, எப்பவோ வந்தத இப்ப வந்துச்சுனு போட்டு வச்சிக்கினு கீற? மாத்தும்மா."

"சாரி அங்கிள். இத எடுத்துட்டு கரெக்டா போட்டுடறேன்."

தப்பான நம்பரை எடுத்தது. அதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போனது. சரியானதைப் போடவே இல்லை. அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன மாதக் கடைசியில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். புதிதாக வந்த டாக்டர் சல்ஃபா மாத்திரையே எழுதினார்.

"சார், இவளுக்கு சல்ஃபா ஆவாது சார். முன்ன ஒருவாட்டி வாயெல்லாம் வெந்துபூச்சு."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அலர்ஜின்னு போட்டிருந்திருக்காங்க, அப்புறம் எடுத்திருக்காங்க. இல்லைன்னு தெரிஞ்சுதானே பெரியவரே எடுத்திருப்பாங்க?"

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்!"

"அப்புறம் என்ன?" என்றார்.

நான் எழுந்து கத்தினேன். உன் அம்மா என் கையைப் பிடித்திழுத்து, "வாய்யா, நாலு பேரு பாக்கறாங்க. அவரு இன்னா படிக்காமலா வந்துகீறாரு?" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதைச் சாப்பிட்டதில் உதட்டில் கொஞ்சம் கொப்புளம், கண்ணில் கொஞ்சம் வீக்கம். எண்ணெய் மில்லில் வேன் ஓட்டும் நம் சுப்பராயன் அந்த வேனிலேயே சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். வழியெல்லாம், "வேன்ல எண்ணெ நாத்தம் தாங்கல" என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். இங்கே நன்றாகப் பார்க்கிறார்கள். நீ வர வேண்டாம், உன் கம்பெனிப் பரீட்சையை முடி. கிறிஸ்துமஸுக்கு வந்தால் பழவேற்காட்டு நண்டு வாங்கிக் குழம்பு வைப்பாளாம். "காரம் கம்மியா வைக்கறேன்னு எழுதுய்யா" என்கிறாள். எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
அப்பாவு

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக்காட்டி எழுதியது. இப்போது அசந்துவிட்டாள். கண் இரண்டும் ஒட்டிப்போய்விட்டது மெர்சி. தீப்பட்டதுபோல் முதுகில் தோல் கழன்றுவருகிறது, வாழையிலையில் படுக்கவைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று காலையில் பெரிய டாக்டர் கேட்டார். ஒரே மகள் என்றேன். "வரச் சொல்லிடுங்க" என்றார். போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பரீட்சை கிடக்கட்டும். படித்த கையோடு ரயிலேறிவிடம்மா.