கூரைமேல் கைம்பெண்

எதையும் தன்பாட்டுக்கு நடக்க விடக்கூடாது என்று நம்புகிற மனிதர்கள் ஓர் இனம். அவர்களில் சிலர் கல்யாண வீட்டில் பந்தி நடத்துவார்கள். சிலர் மௌத்து விழுந்த சாவு வீட்டில் யார் எந்தப் பாயில் இருக்க வேண்டும் என்று கை காட்டுவார்கள். இரண்டுக்கும் கூப்பிடப்படாத ஒருவரின் கழுத்தில் ஒரு கமரா தொங்கினால், அவர்தான் பத்திரிகைப் படக்காரர்.

ஊருக்கு ஒருவர் போதும். கல்முனைக்கு வாய்த்தவர் முனாப்.

தொழில் என்று பார்த்தால் அவர் சந்தைத் தெருவில் மணிக்கூடு திருத்துகிறவர். மணிக்கூடு பிழையான நேரம் காட்டினால் முள்ளைத் தள்ளி வைப்பார். உலகம் பிழையான காட்சி காட்டினால் மனிதர்களைத் தள்ளி வைப்பார். துருத்திபோல மடிந்து விரியும் அந்தப் பழைய கமராவும், கொழும்புப் பத்திரிகை ஒன்று 'எமது நிருபர்' என்று ஒருமுறை போட்டுவிட்ட ஞாபகமும் சேர்ந்து அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தன.

நீங்கள் அவரை அடையாளம் காண்பது சுலபம். ஏதாவது நடந்து முடிந்த இடத்துக்குச் சைக்கிளில் வந்து இறங்கி, ஒரு கண்ணை மூடி, சூரியன் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்து, அது தன் முதுகுக்குப் பின்னால் வரும்வரை சுற்றிச் சுற்றி நடந்து, பிறகு அங்கே அழுதுகொண்டிருக்கிறவரிடம் போய், "கமராவைப் பாக்காம அழுங்க, ஆனா இந்தப் பக்கமா அழுங்க" என்பார். காரைதீவுப் பக்கம் பஸ் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்கியபோது, ஏற்கெனவே வெளியே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பிரயாணிகளைத் திரும்பவும் பஸ்ஸுக்குள் ஏற்றி யன்னலால் வரச் சொன்னவர் அவர். வந்தார்கள். பஸ்ஸில் வராத ஒருவரும் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு அவருடைய மாமியார் அக்கரைப்பற்றிலிருந்து கோழிச் சாறோடு வந்து இறங்கினார்.

தொழில் நுட்பத்திலும் அவர் லேசுப்பட்டவர் அல்ல. வெளிச்சம் குறைந்த இடத்தில் கமராவின் கண் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும், அதுவரை எதிரில் இருப்பவர் மூச்சு விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு படம் எடுத்ததும் சுருளைத் திருக வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்ததைச் செய்வதுதான் கிடையாது. அதனால் ஒரு படத்தின் மேலேயே அடுத்த படமும் விழுந்து, ஒருமுறை கூட்டுறவுச் சங்கத் தலைவரின் நெஞ்சில் ஓர் எருமை நின்றது. எருமை நன்றாக வந்திருந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் வெள்ளம் வந்தது. முனாப் காத்திருந்தது அதற்குத்தான். முதற்பக்கத்தில் ஒரு படம், அதன் கீழே தன் பெயர். எருமையை ஊர் மறக்க அது ஒன்றே வழி.

தான் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் சாய்ந்தமருதுத் தோணிக்காரர் சரீப்பைக் கூட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது வெள்ளம் மரியாதையில்லாமல் வடிந்துகொண்டிருந்தது. வீட்டு வளவுகளில் கணுக்கால் தண்ணீர்.

ஸைனம்பு வீட்டுக்குப் போனார்கள். அவர் கணவனை இழந்து, தறியில் பிழைக்கிறவர்; முனாப்புக்கு அக்கா வயது, அதனால் 'ராத்தா'. மருதமுனைத் தறி குழித்தறி. தரையில் ஒரு குழி வெட்டி, அதற்குள் காலை விட்டுக்கொண்டு இருந்து நெய்ய வேண்டும். அந்தக் குழி இப்போது விளிம்புவரை சேற்றுத் தண்ணீரால் நிரம்பி, தரை எது குழி எது என்று தெரியாமல் கிடந்தது. தறியைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார். மரங்கள் ஊறி வெடித்திருந்தன. பாவு நூல் அழுகி மணத்தது. புதுத் தறி ஒன்று கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது.

"என்ட முகம் வேணாம் தம்பி," என்றார் ஸைனம்பு கதவுக்குப் பின்னால் நின்று. "குழியை எடுங்க. கொழும்பு பாக்கட்டும்."

முனாப் கமராவுக்குள் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது வெள்ளம் மாதிரித் தெரியல்ல ராத்தா."

"வெள்ளந்தானே தம்பி இது?"

"ஓம், வெள்ளந்தான். ஆனா வெள்ளம் மாதிரித் தெரியல்ல."

அவருக்கு வேண்டியது கூரைமேல் நின்று கையேந்தும் ஒரு கைம்பெண். மருதமுனையில் எந்தப் பெண் கூரையில் ஏறிப் பத்திரிகைக்கு முகம் காட்டுவார்? கேட்டிருந்தால் வெள்ளத்தோடு முனாப்பும் வடிந்திருப்பார். ஆகவே ஸைனம்புவின் கட்டம் போட்ட சேலையை இரவல் கேட்டார். கமரா நனையாமல் மூடத்தானாக்கும் என்று ஸைனம்பு கொடுத்தார். சற்று நேரத்தில் அந்தச் சேலையும் அதன் முக்காட்டுக்குள் சரீப்பும் சரீப்பின் மீசையும் பக்கத்து வளவு மாட்டுக் கொட்டிலின் தென்னோலைக் கிடுகுக் கூரையில் இருந்தார்கள்.

முனாப் சேற்றில் வயிறுபடப் படுத்தார். கமரா தாழ்ந்தால் கணுக்கால் தண்ணீர் கடலாகும். இது நுட்பம். குறுக்கே நீந்திய வாத்துகளைக் கல்லெறிந்து கலைத்தார், அவை சந்தோஷமாக இருந்தபடியால். இது கொள்கை.

"கையைத் தூக்குங்க காக்கா. உதவி கேக்கிற மாதிரி."

"ஆரிட்டக் கேக்கிற?"

"கொழும்பிட்ட."

"கொழும்பு எந்தப் பக்கம்?"

"வெயில் இருக்கிற பக்கம்."

சரீப் வெயிலிடம் உதவி கேட்டார். கிடுகு முறிந்து ஒரு கால் உள்ளே போனதும் அவர் முகத்தில் வந்த அலறல் உண்மையானது. முனாப் அழுத்தியது அப்போதுதான்.

படம் முதற்பக்கத்தில் வந்தது. 'மருதமுனையில் கூரைமேல் தவிக்கும் கைம்பெண்.' கீழே முனாப்பின் பெயர். சந்தைத் தெருவில் மூன்று நாள் அவர் மணிக்கூடு ஒன்றையும் தொடவில்லை. சரீப்பின் மனைவி றாஹிலா மட்டும் படத்தில் தெரிந்த பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கணவனிடம் கேட்டார்:

"நீங்க கைம்பெண்ணெண்டா, மௌத்தானது நானா?"

நான்காம் நாள் மட்டக்களப்பிலிருந்து நிவாரண அதிகாரி கனகரெத்தினம் வந்து இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் மடித்த பத்திரிகை. அந்தக் கைம்பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். நெசவுக்காரியானால் புதுத் தறி கொடுக்கலாமாம்.

முனாப் கணக்குப் போட்டார். படம் பொய் என்றால் வெள்ளமும் பொய் என்று எழுதிவிட்டு மனிதர் பஸ் ஏறிவிடுவார். தறி போகும். பெயர் போகும். எருமை திரும்பி வரும். அதிகாரியைச் சரீப்போடு மெதுவாக வரவிட்டு, சைக்கிளை மிதித்து முன்னதாகவே ஸைனம்புவிடம் ஓடினார்.

"ராத்தா, படத்தில இருக்கிறது நான்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. தறி வருகுது."

"கூரையில நானா? என்ட வயசுக்கா?"

"ஒரு சொல்லுத்தானே!"

"பொய் சொல்லித் தறி வாங்கி, அதில நெய்த புடவைய உடுத்துத் தொழவா தம்பி?"

வாசலில் வெள்ளைக் கால்சட்டை தெரிந்தது. கனகரெத்தினம் உள்ளே வந்து பத்திரிகையை விரித்து, கொடியில் காய்ந்த கட்டம் போட்ட சேலையைப் பார்த்தார்.

"இந்தப் படத்தில இருக்கிறது நீங்கதானா அம்மா?"

"சேலை என்டதுதான் ஐயா," என்றார் ஸைனம்பு கதவுக்குப் பின்னாலிருந்து. "உள்ளுக்க இருக்கிறது ஆரெண்டு தம்பியிட்டக் கேளுங்க."

கனகரெத்தினம் முனாப்பிடம் திரும்பினார். சரீப் தன் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பார், அல்லது ஓடியிருப்பார். நமது இனத்தார் இரண்டும் செய்யமாட்டார்கள்.

"ஐயா, வெளிச்சம் போகுது," என்றார் முனாப். "முதல்ல ஐயா ஆறுதல் சொல்ற மாதிரி ஒரு படம்."

என்ன ஆச்சரியம்! கனகரெத்தினம் கேள்வியை மறந்தார். தொப்பியைச் சரித்து வைத்தார், பிறகு நிமிர்த்தி வைத்தார், வயிற்றை உள்ளே இழுத்தார், இரக்கத்தை முகத்தில் ஏற்றினார். இந்த இனம் கமராவுக்குப் பின்னால் மட்டும் வாழ்வதில்லை.

ஸைனம்பு முகம் காட்ட மாட்டார். கதவிடுக்கால் அழுகிய நூலை நீட்டும் கை மட்டும் தெரியலாம் என்று ஒத்துக்கொண்டார். முனாப் குனிந்து கமராவுக்குள் பார்த்தார்.

"நல்ல இருட்டு. ஆரும் அசையப்படாது. ஐயா கொஞ்சம் பின்னுக்கு."

கனகரெத்தினம் பின்னுக்குப் போனார்.

"தம்பி, அங்கால..." என்றார் ஸைனம்பு.

"கதைக்காதீங்க ராத்தா, கை ஆடுது, படம் கலங்கும். ஐயா, இன்னும் ஒரு அடி."

"தம்பி, குழி..."

"ராத்தா! ஐயா, இன்னும் ஒரே ஒரு அடி. முகத்தில அந்தக் கவலைய விட்டுடாதீங்க."

முனாப் விசையில் விரலை வைத்தார். கமராவுக்குள் சுவர் இருந்தது, நூல் இருந்தது, ஸைனம்புவின் கை இருந்தது. கனகரெத்தினம் ஐயாவைக் காணவில்லை. கமராவை இடப்பக்கம் திருப்பித் தேடினார். வலப்பக்கம் தேடினார். மனிதர் சொல்லாமல் போய்விட்டார் என்று கொஞ்சம் கோபமும் வந்தது. பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

தறிக்குழிக்குள் இடுப்பளவு சேற்றில் அரசாங்கம் இருந்தது. தொப்பி தனியாக மிதந்தது. சரீப் ஓடிப்போய் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

முனாப்பின் கமராவுக்கு முன்னால் முதல்தடவையாக ஒரு விஷயம் தன்பாட்டுக்கு நடந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"தூக்காதீங்க காக்கா! பொறுங்க!" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஐயா... கிறுகி இன்னொருக்கா விழுவீங்களா?"

கனகரெத்தினம் அவரைப் பார்த்த பார்வையைப் படம் பிடிக்க எந்தக் கமராவாலும் முடியாது. கரையேறி நின்று, சேறு ஒழுக ஒழுக, கதவைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, இந்தக் குழி வெள்ளத்தில நிரம்பினதா?"

"ஓம் ஐயா. இதுக்குள்ள இருந்துதான் நெய்யிற."

"இதை ஏன் படத்தில காணல்ல?"

"வெள்ளம் மாதிரித் தெரியல்லயாம் ஐயா."

கனகரெத்தினம் கால்சட்டையைப் பார்த்தார். வெள்ளம் மாதிரித்தான் தெரிந்தது. நனைந்த பத்திரிகையைக் கசக்கிக் குழிக்குள் போட்டார். புதுத் தறி அந்த மாதம் முடிவதற்குள் வந்தது. அதை இறக்கிய அன்று ஸைனம்பு முனாப்பைக் கூப்பிடவில்லை. சரீப்பைக் கூப்பிட்டார், மரம் தூக்க. அந்தக் கட்டம் போட்ட சேலையை றாஹிலாவுக்கே கொடுத்துவிட்டார்.

முனாப் இப்போதும் சந்தைத் தெருவில்தான் இருக்கிறார். மணிக்கூடு திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அந்தக் கதையைச் சொல்வார். அவர் சொல்லும்போது தண்ணீர் கழுத்தளவு. ஐயாவைக் குதித்துத் தூக்கியவரும் அவரே. கேட்டுச் சிரித்துவிட்டு, இப்படியும் மனிதர்களா என்று நீங்கள் தலையை ஆட்டலாம்.

ஆட்டுங்கள். ஆனால் நாளைக்கு யாராவது ஒருவருக்கு நீங்களும் இதைச் சொல்லத்தான் போகிறீர்கள். கனகரெத்தினம் ஐயா விழுந்த தண்ணீர் இடுப்பளவு என்று மேலே தெளிவாகவே எழுதியிருக்கிறது. நீங்கள் எவ்வளவு என்று சொல்வீர்கள்?

பொறுங்கள். பதில் சொல்லுமுன் முகத்தைக் கொஞ்சம் வெயில் பக்கம் திருப்புங்கள்.