கீழே வைத்த குச்சி

கடவுளுக்கு என்னென்ன பிடிக்காது என்பது கடவுளைவிடப் பதினைந்து வயதுப் பையனுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரே சாயங்காலத்தில் ஒரு ரிலே ஓட்டத்தை ஒழித்தேன், ஊரில் பாதிப் பேரைச் சண்டைக்கு இழுத்தேன், ஒரு பெண்ணின் நெற்றியை வீங்க வைத்தேன். கடைசியில் கடவுள் தரப்பிலிருந்தும் திட்டு வாங்கினேன்.

நடந்தது எழுபதுகளில். திருப்பனந்தாள் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது (‘கொஞ்சம்’ என்பது அப்பாவின் சொல், அதில் இறங்கி வேலை செய்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்). காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்துபோன அம்மா, ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டு கார்த்திகை பிறந்ததும் எனக்கு மாலை போடவைத்தாள். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் சபரிமலைக்குப் போகிறவர்கள் அபூர்வம். பள்ளிக்கூடத்தில் நான் ஒருவன்தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறையத் திருநீறு. எல்லோரும் என்னை ‘சாமி’ என்றார்கள். கணக்கு வாத்தியார்கூட, “சாமி, பெஞ்சு மேல ஏறி நில்லுங்க” என்று மரியாதையாகத்தான் சொல்வார்.

எனக்கு மாலை போட்ட குருசாமி, ரைஸ் மில் கணக்குப்பிள்ளை. மில் ஓடுகிற சத்தத்தில் விதிகளை அவசரமாகச் சொன்னார். “பச்சத் தண்ணியில குளிக்கணும். பொய் சொல்லக் கூடாது. பொம்பளைங்களத் தொடக் கூடாது. போ.” முதல் இரண்டும் சிரமமாக இருந்தன. மூன்றாவதை நான் மிகக் கறாராகக் கடைப்பிடித்தேன். அதுவரை என்னைத் தொடவிட எந்தப் பெண்ணும் தயாராக இல்லை என்பதால் அது சுலபமாகவும் இருந்தது.

சிக்கல் இளங்கோ சார் ரூபத்தில் வந்தது. அவர் எங்கள் விளையாட்டு வாத்தியார். கடவுள் இல்லை என்பவர். பள்ளி முடிந்த மறு நிமிடம் கறுப்புச் சட்டைக்கு மாறிவிடுவார். (அவருக்குக் கறுப்புச் சட்டை, எனக்குக் கறுப்பு வேட்டி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு உடுப்பு.) அந்த மார்கழியில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான விளையாட்டு விழா எங்கள் மைதானத்தில் நடந்தது. தலைமை தாங்க வருகிற கட்சிப் பிரமுகர் ‘ஆணும் பெண்ணும் சமம்’ என்று பேசப்போவதாகத் தகவல். பேச்சுக்குத் தோதாக ஒரு காட்சி வேண்டுமே என்று, இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஓடுகிற ரிலே ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். எங்கள் அணியில் மூன்றாவதாக ஓட என்னைப் போட்டார் இளங்கோ சார். என்னிடமிருந்து குச்சியை வாங்கிக்கொண்டு கடைசியாக ஓட வேண்டியவள் கலைச்செல்வி.

கலைச்செல்வி என் வகுப்பு. எங்கள் வயலில் வேலை செய்த மாணிக்கத்தின் மகள். அவளைப்போல ஓட எங்கள் பள்ளியில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. ஆனால் தை அறுப்போடு அவள் படிப்பை நிறுத்திவிட மாணிக்கம் முடிவு செய்திருந்தார். “ஓடினா யாரு சார் சோறு போடுவா?” என்று கேட்டவரிடம் இளங்கோ சார் மன்றாடி ஒரு வாக்கு வாங்கியிருந்தார். கோப்பையோடு வந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் அரிவாள். இது வகுப்பு முழுவதற்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் இளங்கோ சாரிடம் போய், என்னை முதலாவதாகப் போடும்படி கெஞ்சினேன். அப்படியென்றால் இரண்டாவதாக ஓடுகிற பையனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக நின்றுவிடலாம்.

“ஏன்?”

“மாலை போட்டிருக்கேன் சார். பொண்ணு கையில குடுக்கக் கூடாது.”

“என் ரிலேல சாமியும் கிடையாது, மாமியும் கிடையாது. வளைவுல நீதான் நல்லா ஓடுற. போய் ஓடு.”

விழா அன்று காலை அம்மாவின் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, குச்சியின் ஒரு முனையில் சுற்றிக் கட்டினேன். பட்டுக்குத் தீட்டு இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இளங்கோ சார் அதைப் பார்த்தார். உருவி எடுத்து, அதிலேயே மூக்கைச் சிந்திவிட்டுத் தூர எறிந்தார்.

அப்போதுதான் எனக்கு மேதாவித்தனமான இன்னொரு யோசனை வந்தது. மாதத்தில் மூன்று நாள் அம்மா விலக்காக இருக்கும்போது எதையும் கைக்குக் கை கொடுக்க மாட்டாள். கீழே வைப்பாள், அவள் கையை எடுத்த பிறகு நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டு கை ஒரு பொருளில் படாத வரைக்கும் தீட்டு ஒட்டாது. ஆகவே குச்சியைக் கீழே வைத்துவிடுவது, அவள் எடுத்துக்கொள்வது. சட்டென்று முடிகிற காரியம்! இதை ஏன் உலகத்து ஓட்டக்காரர்கள் யாரும் யோசிக்கவில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. கலைச்செல்வியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்களோடு பேசுவது விரதத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சந்தேகமாக இருந்ததால் சொல்லவில்லை.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. அது அறுப்புக் கூலித் தகராறு முற்றியிருந்த வருடம். எங்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். நட்டவர்களில் மாணிக்கமும் ஒருவர். அதனால் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு அப்பா முதலான நிலக்காரர்கள் ஒரு பக்கம், வாய்க்கால் கரையில் வேலைக்காரக் குடும்பங்கள் எதிர்ப் பக்கம் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. மேடையில் பிரமுகர் மாலையோடு இருந்தார். (என் மாலை துளசி, அவர் மாலை ரோஜா.)

விசில் ஊதினார்கள். எங்கள் முதல் பெண் சுமாராக ஓடினாள், இரண்டாவது பையன் சரிக்கட்டினான். நான் குச்சியை வாங்கிக்கொண்டு, கறுப்பு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்த கோலத்தில், “சாமியே சரணம்” என்று கத்தியபடி ஓடினேன். உண்மையாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை. வளைவில் எல்லோரையும் முந்திவிட்டேன். எதிரே கலைச்செல்வி கையைப் பின்னால் நீட்டியபடி ஓடத் தொடங்கியிருந்தாள்.

“குடு! குடு!”

நான் நின்றேன். குனிந்தேன். குச்சியைப் பயபக்தியோடு தரையில் வைத்தேன். ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

கையில் ஒன்றும் வராததால் அவள் திரும்பிப் பார்த்தாள். “கையில குடுடா!”

“கீழ இருக்கு, எடுத்துக்க!”

அவள் திரும்பி ஓடிவந்து குனிந்தாள். அதற்குள் குச்சி வாய்க்கால் பக்கச் சரிவில் உருளத் தொடங்கிவிட்டது. அது வாய்க்காலுக்குள் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் நானும் பாய்ந்து குனிந்தேன். இரண்டு தலையும் மோதின. அந்தச் சத்தம் மேடை வரைக்கும் கேட்டதாம். சேற்றில் நான் கீழே, அவள் மேலே. விரல் நுனிகூடப் படக் கூடாது என்று கட்டிக்காத்த விரதம், தலை முதல் கால் வரை ஒரேயடியாகப் போயிற்று.

அவள் எழுந்தாள். குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நெற்றியில் கொழுக்கட்டையளவு வீக்கத்தோடு, முந்திப் போயிருந்த அத்தனை பேரையும் தாண்டி முதலாவதாக நூலைத் தொட்டாள். வாய்க்கால் கரையே எழுந்து நின்று கத்தியது. எதிரணி வாத்தியார் மட்டும் கத்தவில்லை. மெதுவாக மேடைக்குப் போய், குச்சியைக் கைக்குக் கைதான் கொடுக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் ஓட்டம் செல்லாது என்றார்கள்.

கலைச்செல்வி மைதானத்தின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாணிக்கம் இறங்கி வந்தார். சிறு வயதில் என்னை ‘சின்னய்யா’ என்று கூப்பிட்டவர் அவர். கொடி நட்ட பிறகு ‘தம்பி’ ஆக்கியிருந்தார். அன்றைக்கு இன்னும் ஒரு படி இறக்கினார்.

“ஏண்டா, எம் மவ கையில குடுத்தா உங்கையி அழுவிப் போயிடுமா? உங்க தாத்தன் எங்கப்பனுக்குக் கூலிய மண்ணுல கொட்டி அள்ளிக்கச் சொன்னாரு. நீ குச்சிய மண்ணுல வக்கிறியா?”

எனக்கு நிஜமாகவே அதிர்ச்சி. அந்தக் கோணம் என் மண்டையில் ஏறவே இல்லை. தப்பிக்க ஒரே வழி உண்மையைச் சொல்வதுதான் என்று முடிவு செய்தேன்.

“ஐயோ, சாதியெல்லாம் இல்லீங்க! அவ பொம்பளைங்க. அதனாலதாங்க வச்சேன்!”

சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கரையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். “உன்னயப் பெத்தது ஆம்பளையாடா?” என்று ஒரு குரல் வந்தது. பந்தலிலிருந்து அப்பாவின் ஆட்கள் வர, கரையிலிருந்து மற்றவர்கள் வர, நடுவில் இளங்கோ சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சாமி இல்லை என்று ஊரெல்லாம் பேசியவர், ஒரு சாமியைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பிரமுகர் சமத்துவப் பேச்சைச் சுருக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

கூட்டம் ஒருவழியாக அடங்கியது. கோப்பை இல்லை, இனி கலைச்செல்விக்கு அரிவாள்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மாணிக்கம் மகளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். என் அப்பாவின் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்.

“அறுப்புக்கு நீ வர வேணாம். இவங்க கீழ வச்சத நம்ம குடும்பம் குனிஞ்சு எடுத்தது இன்னயோட போதும். நீ படி. எவ்வளவு வேணாலும் படி.”

(இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று பின்னாளில் ஒருமுறை கலைச்செல்வியிடமே சொல்லிப் பார்த்தேன். “செருப்பு பிஞ்சிடும்” என்றாள்.)

அன்று மாலையே தலைப் புடைப்போடு குருசாமியிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டார். மில்லை நிறுத்தச் சொன்னார்.

“கையில குடுக்கக் கூடாதுன்னு எவன்டா சொன்னான்?”

“நீங்கதான் சாமி, பொம்பளைங்களத் தொடக் கூடாதுன்னு...”

“மனசுல கெட்ட எண்ணத்தோட தொடாதேன்னு அர்த்தம்டா! ஓட்டப் பந்தயத்துல ஒரு குச்சியக் குடுக்கிறதுக்கு ஐயப்பன் கோச்சுக்குவாரா? ஒரு பொண்ணோட படிப்ப இல்ல கெடுக்கப் பாத்திருக்க? அதுக்குத்தான் கோச்சுக்குவாரு.”

கலைச்செல்வி படித்தாள். விளையாட்டு ஆசிரியை ஆகி, பேராவூரணிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை ரிலே ஓட்டக்காரர்களை உருவாக்கினாள். எங்கள் நிலம் கைமாறிப் போய், நான் சென்னையில் வங்கி வேலையில் சேர்ந்தேன் (கணக்குக்கு ஐயப்பன் கைகொடுத்தார்). காபி டம்ளரை நான் மனைவி கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தால் போதும், இந்தக் கதை தெரிந்த அவள், “கையில குடுங்க, சாமி” என்பாள்.

போன வருடம் கும்பகோணத்தில் என் மகள் கல்யாணம். கலைச்செல்வி வந்திருந்தாள். பட்டு வேட்டியில், சம்பந்தி வீட்டார் புடைசூழ நின்ற என் முன்னால் வந்து, பரிசுப் பொட்டலத்தை நீட்டினாள். நான் கையை நீட்டினேன். அவள் நிதானமாகக் குனிந்து அதைத் தரையில் வைத்தாள். ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“கீழ இருக்கு, எடுத்துக்க.”

என் முழங்கால் இரண்டும் எப்போதோ தேய்ந்துவிட்டன. மேளம் ஒலிக்க, சம்பந்திகள் பார்க்க, முனகிக்கொண்டே குனிந்து எடுத்தேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் அவள் பூச்சரம் அவிழ்ந்துவிட்டது. ஒன்றும் புரியாத சம்பந்தியம்மா பதறிப்போய், “என்னங்க இது, கையில குடுக்கலாமே?” என்றார்.

“இல்லைங்க. அது இவங்க வீட்டு வழக்கம்” என்றாள் கலைச்செல்வி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சம்பந்தியம்மா ஆசாரம் பார்க்கிறவர். அதை அப்படியே நம்பிவிட்டார். இன்றுவரை அவர்கள் வீட்டுக்குப் போனால் மற்ற எல்லோருக்கும் காபி கையில் வருகிறது. எனக்கு மட்டும் தரையில் வைக்கிறார்கள். விளக்கிச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதால், நானும் குனிந்தே எடுத்துக்கொள்கிறேன்.