ஜூஹுவுக்குப் போன ஃபேர்லேடி

அறுபத்தாறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணேசபாண்டியன் துணிந்து ஒரு பொய் சொல்வதென்று முடிவெடுத்தான். பெண்டாட்டியோடு தனியாக ஜூஹு கடற்கரைக்குப் போக வேறு வழியே இல்லை. தாராவியில் ஒற்றை அறை வீடு. அதில் அவன், பெண்டாட்டி பேராச்சி, பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்து தீபாவளி கழிந்தும் நகராத மாமியார் சொர்ணம்மாள். மரியாதை தெரிந்த மாமியார்தான். மாப்பிள்ளை முன்னால் உட்கார மாட்டாள், நேருக்கு நேர் பேச மாட்டாள். காதுதான் மரியாதை பார்க்காது. அவன் பெண்டாட்டியிடம் "தலை வலிக்கி" என்று முணுமுணுத்தால் கதவுக்குப் பின்னாலிருந்து தைலப் புட்டி நீளும்.

அதிர்ஷ்டம் அவன் வேலை பார்த்த மாட்டுங்கா ஒர்க்ஷாப்புக்கே வந்தது. ஜப்பான்காரர் ஒருவர் தன் டாட்சன் ஸ்போர்ட்ஸ் காரை ரிப்பேருக்கு விட்டு, ஞாயிற்றுக்கிழமை தூரமாக ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றில் கை வைத்தால் கார் பேச்சுதான், எந்த மாடலில் எத்தனை சீட்டு என்பது வரைக்கும். ஜப்பானில் அதற்குப் பேர் ஃபேர்லேடியாம். கப்பலேறி அமெரிக்கா போனால் அந்தப் பேர் கழன்றுவிடுமாம், வெறும் டாட்சனும் ஒரு நம்பருமாம். புகுந்த வீட்டில் பேரை மாற்றுகிற மாதிரியா என்று கேட்டுவிட்டு பேராச்சி ரசம் ஊற்றினாள்.

ஒரே ஒரு இடைஞ்சல். வந்திருந்த கார் ஆயிரத்தைந்நூறு சி.சி. மாடல். அதில் பின்னால் குறுக்குவாட்டில் ஒற்றை சீட்டு உண்டு. அதற்கடுத்து வந்த ஆயிரத்தறுநூறில் கிடையாது. அதனால் கணேசபாண்டியன் அந்த சீட்டைத் தார்ப்பாயால் மூடி, மேலே ஜாக்கியையும் வைத்தான்.

சாயங்காலம் சந்து முனையில் கார் நின்றது. மல்லிகைப் பூவோடு பேராச்சி வந்தாள். பின்னாலேயே புதுச் சுங்குடிச் சேலையில் மாமியார்.

அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "இது புது ஆயிரத்தறுநூறு. ரெண்டு சீட்டுதான். அத்தைக்கு இடமில்லையே."

"அதுக்கென்ன," என்றாள் பேராச்சி. "எங்கம்மையக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்."

கூரையில்லாத காரில் பக்கத்தில் மாமியாரா? சந்து முழுக்க ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். அவன் மாஹிம் தாண்டுவதற்குள் திருநெல்வேலியில் சிரிப்பார்கள். மாமியாரும் ஆத்தாடி என்று பதறி இரண்டடி பின்னால் போனாள். பேராச்சியோ கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறும்மா, வண்டிக்குள்ள என்ன மருவாதி என்று அம்மையை நெட்டித் தள்ளினாள். மாமியாரின் ஒரு கால் உள்ளே போய்விட்டது.

"பின்னால சீட்டு இருக்கு," என்று அலறினான். ஜாக்கியைத் தூக்கித் தரையில் போட்டு, தார்ப்பாயை உருவினான்.

"ஆயிரத்தறுநூறுல அது கிடையாதுன்னு சொன்னியளே."

"இது ஆயிரத்தைந்நூறு," என்றான் தரையைப் பார்த்து.

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்று சொல்லி, அம்மையைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

கார் மாஹிம் தாண்டியது. இருவர் தோளுக்கும் நடுவில் மாமியாரின் தலை. ஆனாலும் காற்றில் மல்லிகை மணந்தது, பேராச்சி சிரித்துக்கொண்டே வந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. போகட்டும், இதுவே போதும் என்று நினைத்துக்கொண்டு, பிடிச்சிருக்கா என்று கேட்டான்.

"ரொம்ப," என்றாள். "இதுக்கு முந்தின ஃபேர்லேடியில நாலு சீட்டுன்னு சொன்னியள்லா? அது வந்தாச் சொல்லுங்க, எங்கண்ணன ஊர்லேருந்து வரச் சொல்லுதேன்."