சுவரில் ஒரு வழி

கடலுக்கு நடுவே நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. அங்கே குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே படி வைத்துவிடுவார்கள். பெற்றோர் கப்பலில் வந்தவர்கள் என்றால் முதல் படி. பாட்டன் பாட்டி வந்தவர்கள் என்றால் இரண்டாம் படி. முப்பாட்டனும் அங்கேயே பிறந்திருந்தால் மண்ணின் மக்கள்.

துறைமுகத் தெருவில் வடிவு என்பவள் குடியிருந்தாள். கப்பலில் வந்தவள், மீன் அரியும் வேலை. ஒரே வீட்டில் அவள், கணவன், ஆறு வயது மகள் கண்மணி, கொழுந்தன், ஓரகத்தி செண்பகம், அவர்களின் இரண்டு பிள்ளைகள் என ஏழு பேர். வடிவு விடியலில் வேலைக்குப் போனால் மூன்று பிள்ளைகளுக்கும் செண்பகம் கஞ்சி ஊற்றுவாள். பிற்பகலில் செண்பகம் போனதும் வடிவு குளிப்பாட்டிச் சோறூட்டுவாள்.

ஒரு வருடம் அரசு வைத்தியர்கள் நாட்டுக் குழந்தைகளையெல்லாம் எடை பார்த்தார்கள். முதல் படிக் குழந்தைகள் திடமாக இருந்தன. படி ஏற ஏற நோஞ்சானாயின. எல்லாரையும்விட அதிகமாக இருமியவை அரண்மனை வீதிக் குழந்தைகள்.

சுகாதார அமைச்சர் தாண்டவராயர் அவையில் எழுந்தார். “அரசே, ஒரே கூரையின்கீழ் ஏழு பேர் வசித்துக்கொண்டு ஆரோக்கியமாகவும் இருப்பது சுகாதார விதிகளுக்கு முற்றிலும் புறம்பானது.”

அரசர் கவலைப்பட்டார். “அந்த நெரிசலிலிருந்து அவர்களை உடனே காப்பாற்றுங்கள்.”

ஒரு வீட்டில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. செண்பகத்தின் குடும்பத்தைக் குன்றுக்கு அப்பாலிருந்த புதுக் குடியிருப்புக்கு வண்டியேற்றினார்கள். அதன்பின் கண்மணி விடிந்தது முதல் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்தாள். ஆறிய சோற்றை அவளே போட்டுத் தின்றாள், பாதி நாள் தின்னாமலே கிடந்தாள். மூன்றாம் மாதம் இருமல் பிடித்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதை.

“இருமத் தொடங்கிவிட்டார்கள்!” என்று பூரித்தார் அமைச்சர். “நம்மோடு கலந்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?” தெருவெங்கும் தோரணம் கட்டச் சொன்னார். கூடவே, மருந்து கேட்பவர்கள் முப்பாட்டனின் பிறப்புச் சீட்டைக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

வடிவு மகளைத் தூக்கிக்கொண்டு மருந்துச் சாலைக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி கையை நீட்டினார்.

“சீட்டு?”

“முப்பாட்டன் கடலுக்கு அந்தாண்ட பொறந்தவருங்க. புள்ளைக்கு மூச்சு இழுக்குது, பாருங்கய்யா.”

“மூச்சு இழுப்பதை நான் மறுக்கவில்லை, அம்மா. சீட்டு இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.”

வடிவு வீட்டுக்குத் திரும்பவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குன்றேறி இறங்கி, செண்பகத்தின் வாசலில் போய் நின்றாள். கண்மணியைத் தொட்டதுமே செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னக்கா இது, எலும்பாப் போயிட்டா! இங்கயே வுட்டுட்டுப் போ.”

“உங்க வீட்டுல நாலு பேரு ஆச்சேடி. அஞ்சுன்னா புடிச்சுட்டுப் போயிடுவான்.”

“அப்ப நீங்க பக்கத்து வீட்டுக்கு வந்துடுங்க. காலியாத்தான் கெடக்கு.”

வந்தார்கள். இரண்டாம் நாளே கொழுந்தன் கடப்பாரையை எடுத்து நடுச்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்தான். சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு வாசலில் மூன்று பேரையும் மறு வாசலில் நான்கு பேரையும் எண்ணிவிட்டுத் திருப்தியோடு போனார். குடியிருப்பு முழுக்கச் சுவர்கள் திறந்தன. சூடான கஞ்சியும் பக்கத்தில் ஆளும் இருந்ததில் கண்மணி மெல்லத் தேறினாள்.

அடுத்த வருட எடை பார்த்தலில் முதல் படிக் குழந்தைகள் திடம், அரண்மனை வீதிக் குழந்தைகள் இருமல் என்று பழைய கதையே திரும்பியது. தாண்டவராயர் ஒரு வாரம் யோசித்து மூன்றாம் ஆணையை எழுதினார். இனி நலமாக இருக்கும் குழந்தை மண்ணின் குழந்தை. இருமும் குழந்தை வந்த குழந்தை. வந்த குழந்தையை அது வந்த துறைமுகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

மண்ணின் குழந்தைகளில் சிறந்தவளாகக் கண்மணி தேர்வானாள். பட்டயம் வாங்க அரண்மனைக்கு அழைப்பு வந்தது. வடிவுக்குச் சந்தோஷமே இல்லை. வழி நெடுக வெந்நீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். “உள்ள போனதும் இருமிடாதடி கண்ணு, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

அவையில் தாண்டவராயர் அறிக்கை வாசித்தார். “நோயுற்ற மண்ணின் குழந்தை இன்று நாட்டில் ஒன்றுகூட இல்லை.” கைதட்டல் அடங்கிய நேரத்தில் ஓர் இருமல் கேட்டது. வடிவுக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று குனிந்து மகளைப் பார்த்தாள். கண்மணி வாயை இறுக மூடியிருந்தாள்.

அரசரின் மடியிலிருந்த இளவரசர் மீண்டும் இருமினார்.

சட்டத்தைத் தவிர வேறொன்றும் அறியாத அவை எழுத்தர், ஏட்டைத் திறந்து பேனாவை மையில் தோய்த்தார்.

“அரசே, எந்தத் துறைமுகம் என்று எழுதட்டும்?”