நோவா குடித்த மாதிரி

தச்சர் அன்று பெரிய முடிவோடு வீட்டுக்கு வந்தார். மனைவியை அவள் ஆயுதத்தாலேயே மடக்கிவிட வேண்டும்.

அவள் ஆயுதம் வேதம், அதாவது பைபிள். அவர் தள்ளாடி வந்தால், மறுநாள் சாப்பாட்டோடு வசனமும் பரிமாறுவாள். மது கடைசியில் பாம்பாய்க் கடிக்குமாம். குடிகாரனுக்குக் கந்தல்தான் மிஞ்சுமாம். அதனால் இரண்டு நாளாக அவரே அந்தப் புத்தகத்தைப் புரட்டி, ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். மரத்தில் பெரிய கப்பலே கட்டிய, மரவேலை தெரிந்த ஆள் வேறு!

"ஏண்டி, நோவா நல்லவரா, கெட்டவரா?"

"நல்லவர்தான். ஊரே வெள்ளத்துல முங்கினப்போ கடவுள் அவரைத்தானே காப்பாத்தினாரு."

"அவரு குடிச்சாரு! குடிச்சிட்டுத் துணி விலகிக் கிடந்தாரு. போட்டிருக்கு!"

"ஆமா. மகனுங்க முகத்தைத் திருப்பிக்கிட்டே வந்து மூடுனாங்க. அதுவும் போட்டிருக்கு." அவள் அடுப்பைத் தணித்தாள். "போன வாரம் வாசல்ல கிடந்தீங்களே, போர்வை போட்டது யாருன்னு நெனச்சீங்க? நம்ம பொண்ணு. அவளும் முகத்தைத் திருப்பிக்கிட்டுதான் வந்தா."

 ஐந்து வயதுப் பிள்ளை. கூப்பிட்டால் கிட்டே வராமல் கதவோரமே நிற்பது ஏனென்று தச்சருக்கு இப்போதுதான் புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி... அவரு குடிச்சாருல்ல?"

"குடிச்சாரு. தானே திராட்சைக் கொடி நட்டு, தானே பழம் பறிச்சுக் குடிச்சாரு. கடை வாசல்ல போய் நிக்கல. நீங்களும் அப்படியே குடிங்க, ஏன்னு கேக்க மாட்டேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு தொடக் கூடாது."

"அவ்வளவுதானே!" வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். கன்று வாங்கப் பறந்தார். போன வேகத்திலேயே திரும்பினார்.

"காய்க்க மூணு வருஷம் ஆகுமாம்டி!"

"தெரியும். நீங்க நோவாவைப் புரட்டிக்கிட்டு இருந்தப்பவே போய் விசாரிச்சுட்டேன்."

சத்தியம் சத்தியம்தான். கை நடுங்கிய நாட்களைப் பந்தல் போட்டே கழித்தார். மெல்ல மெல்ல உளி நேராக ஓடியது. தண்ணீர் ஊற்ற வந்த மகள் முதலில் பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள்.

ஒருவழியாகப் பழுத்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் பறித்துப் பறித்துத் தின்றாள், அவர் வாயிலும் இரண்டைத் திணித்தாள். அவர் கண் கலங்கிச் சிரித்தார். பந்தல் காலியான பிறகுதான் உறைத்தது.

"அடியே, பிழிய ஒண்ணுமே மிச்சமில்லையே!"

"அதனால என்ன? அடுத்த வருஷம் மறுபடி பழுக்கும். அதுவரைக்கும் சத்தியம் அப்படியே இருக்கட்டும்."