பலவீனம் போட்ட பஞ்சாமிர்த லேபிள்

தன்னைப் பற்றித் தானே கோள் சொல்லித் திரிந்த மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவனோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் குடியிருந்தும் பைத்தியம் பிடிக்காமல் வெளியே வந்தவனும் ஒருவன்தான். அது நான்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. ஹாஸ்டலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பலவீனம்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். ஆளைப் பார்த்தால் அந்தப் பெயரை வைத்தவனை உதைக்கத் தோன்றும். பூம்பாறைப் பூண்டு வயலில் மூட்டை சுமந்து வளர்ந்த உடம்பு. வாசலில் அவன் நின்றால் அறைக்குள் வெளிச்சம் வராது.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா டிசைன் வகுப்பு நடத்திவந்தார். சேலைக்குக் கரை, கடைக்கு போர்டு, டப்பாவுக்கு லேபிள் எல்லாம் வரையக் கற்றுக்கொடுப்பார். சர்ச்சில் உபதேசம் செய்யும் உபதேசியார் மகனான நான் அங்கே சேர்ந்த அதே நாளில்தான் அவனும் வந்து சேர்ந்தான். மிஸ்ஸியம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் லட்சியம், பலம், பலவீனம் மூன்றையும் சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் விவரமான பிள்ளைகள். "ஓவரா உழைச்சு உடம்பைக் கெடுத்துக்கிறேன் மிஸ், அதான் என் வீக்னெஸ்" என்பேன் நான், முந்தின நாள் முழுக்க ஏரிக்கரையில் ஊர் சுற்றிவிட்டு.

இவன் எழுந்தான். "மதராஸ் போயி மேல படிக்கணும் மிஸ், அதான் லட்சியம். மலை நல்லா போடுவேன், அது பலம். கை போட வராது. விரல் அஞ்சும் அஞ்சு திசையில போயிருது. அது பலவீனம். அப்புறம் பல் வெளக்க சோம்பேறித்தனம், பூனைன்னா பயம், அடுத்தவன் சோப்பைச் சொல்லாம எடுத்திருவேன்..."

என் சோப்பு கரைந்த மர்மம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிஸ்ஸியம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. "வெரி ஹானஸ்ட் பாய்!" என்றார். பாவி, அந்த ஒரு வார்த்தை அவனைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்று பார்க்காமல், எந்தக் கிழமையும் எவரிடமும் தன் பலவீனத்தைச் சொல்ல ஆரம்பித்தான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம், "அண்ணே, வளைவு வந்தா நான் வாந்தி எடுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்பான். அந்த வரிசையே காலியாகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் ஜமீன்தார்கள் மாதிரி காலை நீட்டிக்கொண்டு மலை இறங்குவோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு பலவீனத்தால் எனக்கு நிறைய சௌகரியம்.

கை வராதது மட்டும் எங்கே போனாலும் அவன் காலைச் சுற்றிக்கொண்டது. கொடைக்கானல் குளிர்தான் அவனைக் கொஞ்ச நாள் காப்பாற்றியது. ஆணோ பெண்ணோ, யாரை வரைந்தாலும் கழுத்து வரை கம்பளியைப் போர்த்திவிடுவான். பெருமாள்மலை டீக்கடைக்கு போர்டு எழுதிக்கொடுத்தபோது கடைக்காரர் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, ரெண்டு கையும் கம்பளிக்குள்ள கெடக்கு. டீ முன்னால கெடக்கு. இவன் எப்படிலே குடிப்பான்?"

"ஆறட்டும்னு இருக்கான்ங்க."

"என் கடை டீ ஆறிப்போன டீன்னு ஊருக்கெல்லாம் சொல்றியாலே?" என்று அவர் துரத்திய துரத்தலில் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நடந்தே மேலே வந்தோம்.

இரண்டாம் வருஷக் கடைசியில் மிஸ்ஸியம்மா ஒரு பரீட்சை வைத்தார். நிஜமான கடைக்காரர் ஒருவர் நம் டிசைனை ஏற்றுக்கொள்ள வேண்டும். யாருடையது தேறுகிறதோ அவனை மிஷன் செலவில் மதராஸுக்கு அனுப்புவார்கள். அதே வாரம் அவன் அப்பா பூம்பாறையிலிருந்து வந்து நின்றார். உட்காரக்கூட இல்லை.

"தைக்குள்ள ஒரு வழி தெரியலைன்னா வயலுக்கு வந்து சேரு. படம் போட்டதெல்லாம் போதும்லே. அங்க தலைக்கு மேல சோலி கெடக்கு."

அவர் போன பிறகு இவன் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் சோப்பைக்கூட அன்று அவன் தொடவில்லை.

நல்லவேளையாக ஆயக்குடியிலிருந்து கொய்யா கொண்டுவரும் வியாபாரி ஒரு சேதி சொன்னார். பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடை முதலாளி, தைப்பூசத்துக்கு முன்னால் டப்பாவுக்குப் புது லேபிள் போட ஆள் தேடுகிறாராம். ஓடினோம். முதலாளி நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறைய வெற்றிலையுமாக இருந்தார். ஆளுக்கொரு இலைத்துண்டில் பஞ்சாமிர்தம் வைத்து நீட்டினார்.

"லேபிள் பார்த்தா கையெடுத்துக் கும்பிடத் தோணணும், தம்பி."

"ஐயா, முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு..." என்று இவன் ஆரம்பித்தான். நான் என் பங்குப் பஞ்சாமிர்தத்தை அப்படியே அவன் வாயில் அடைத்தேன். அவன் விழுங்கி முடிப்பதற்குள் மதராஸ் பரீட்சை விஷயத்தையும் சொல்லிப் பேச்சை முடித்து, ஆளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

கும்பிடத் தோன்றும் படம் என்றால் ஆண்டிக் கோலத்தில் நிற்கும் முருகன்தான். ஒரு கை தண்டத்தைப் பிடித்திருக்கும், ஒரு கை இடுப்பில் இருக்கும். இரண்டு கையும் பளிச்சென்று தெரியும். கம்பளி போர்த்த வழியே இல்லை. பழகிப் பார்க்க ஆள் வேண்டும் என்றான். மார்கழிக் குளிரில், வெள்ளனே எழுந்து, இடுப்பில் ஒரு துண்டோடு, கையில் குடையை ஊன்றிக்கொண்டு நான் நின்றேன். பல் கிட்டித்துப்போய் நான் நிற்கிற நேரம் பார்த்து வார்டன் கதவைத் திறந்தார்.

"உபதேசியார் மகனாய்யா இது!"

"டிசைன் வொர்க் சார்" என்றேன். அவர் நம்பவில்லை, என் அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

இத்தனை பட்டும் அவனுக்குக் கை வந்ததா? வாழைப்பழச் சீப்புதான் வந்தது. காகிதம் காகிதமாகக் கிழித்தான். கெடு முடிகிற அன்று காலையில் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கோயில் மலையை மட்டும் போட்டான். தூரத்தில் வரும்போதே கண்ணுக்குத் தெரிகிற அந்த மலை, ஏறிப்போகும் படிகள், உச்சியில் கோபுரம். அடுக்கடுக்கான வயல்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்குப் படி வரையச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பார்த்தபோது, உபதேசியார் மகனான எனக்கே ஏறிப் பார்த்துவிடலாமா என்று இருந்தது.

முதலாளி லேபிளைக் கையில் வாங்கினார். பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். லேபிளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தின்னுபுட்டு டப்பாவைத் தெருவுல வீசிருவாய்ங்க. ஆண்டவன் படம் கால்ல மிதிபடக் கூடாதுன்னுதானே தம்பி மலையை மட்டும் போட்டிருக்கே? இந்த வயசுல என்ன பக்தி!"

தலையை ஆட்டுடா என்று நான் கண்ணைக் காட்டினேன். காலை மிதித்தேன். ஏசுவையும் முருகனையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். வாயில் அடைக்க அன்று பஞ்சாமிர்தமும் இல்லை.

"இல்லீங்க. எனக்குக் கை போட வராது. அதான் மலையைப் போட்டேன்."

போச்சு. மதராஸ் போச்சு, பூண்டு வயல்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் சொன்ன காரணம் நல்லாயிருக்குல்ல?"

"ரொம்ப நல்லாயிருக்குங்க."

"அப்ப வர்றவங்ககிட்ட அதையே சொல்லிக்கிறேன். நீ மட்டும் வாயைத் தொறக்காத."

இவன் தலையைச் சொறிந்தான். "யாராச்சும் கேட்டா சொல்லிப்புடுவேனேங்க. அது எனக்கு ஒரு பலவீனம்."

"ஏலே, நீ இந்தப் பக்கம் இருந்தா என் யாவாரம் உருப்படாது. மதராஸுக்கே போயிரு. வெரசா போயிரு!" என்று முதலாளி நின்ற நிலையிலேயே மிஸ்ஸியம்மாவுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தார். இப்படி ஊரை விட்டு விரட்டி ஒருவனுக்குப் படிப்பு வாங்கிக் கொடுத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தைப்பூசம் முடிந்து அவன் மதராஸுக்குப் புறப்பட்டான். அவன் அப்பா ஒரு மூட்டைப் பூண்டோடு வந்து வழியனுப்பினார். இரண்டு வருஷம் என்னோடு இருந்தவன், நான் வகுப்பில் அள்ளிவிட்ட அத்தனை பொய்யையும் கேட்டவன், என்னைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. பஸ் நகர்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

மறுவாரம் அவன் கட்டிலுக்கு ஒரு புதுப் பையன் வந்தான். பெட்டியை வைத்த கையோடு தன் பெருமைகளை வரிசையாகச் சொன்னான். நல்ல பையன்தான், ஒரு தப்பும் இல்லாதவன். எனக்கோ அவனோடு நாலு வார்த்தை பேசப் பிடிக்கவில்லை. போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு, பூம்பாறைக்காரனை நினைத்து நன்றாக அழுதேன்.