ஆலமரத்தடியில் கனகவல்லி

"கனகம், இன்னும் ரெண்டடி தள்ளி நில்லு. மரத்த மறைக்காதே!"

ராம்பிரசாத் போட்ட சத்தத்தில் ஆலமரத்துக் காக்கைகள் பறந்தே போய்விட்டன. அவர் மனைவி கனகவல்லி, பிள்ளை கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில், ஔந்த் சாலையோரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மரம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் அடியில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம்.

எல்லாம் சம்பந்தி ஜம்புநாதன் இழுத்துவிட்ட வேலை. சிஞ்ச்வட்டில் இருக்கும் அந்த மனிதர் முந்தின நாள் காலை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பனிமூட்டத்தில் நிற்கும் ஒரு மரத்தின் படத்தைப் போட்டு 'காலை வணக்கம்' என்றார். இரண்டு பக்கத்து உறவும் ஆஹா ஓஹோ என்று கொண்டாடியது.

ராம்பிரசாத் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எது வந்தாலும் குறை கண்டுபிடிக்காமல் கீழே வைக்க மாட்டார். உடனே எழுதினார்: 'மரம் நட்ட நடுவில் நிற்கிறது. தரை சாய்ந்திருக்கிறது. ஒரு கிளை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. எடுத்தவருக்கு உடனடியாகக் கண் பரிசோதனை தேவை.'

ஜம்புநாதனிடமிருந்து ஒரே வரிதான் வந்தது: 'நீங்க ஒண்ணு எடுத்துக் காட்டுங்க சம்பந்தி.'

பெண்ணைக் கொடுத்தவர் பிள்ளையைப் பெற்றவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! அதுவும் நாற்பது பேர் பார்க்கிற இடத்தில்!

"வெயில் உச்சிக்கு வந்துடுச்சுங்க. காலைல சாய்வா விழும்போது எடுத்தாத்தான் மரத்துக்கு உருவமே வரும்" என்றாள் கனகவல்லி.

"இதெல்லாம் உனக்கெதுக்கு? பேசாம நில்லு."

மரத்தைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். குப்பை டிரம் உள்ளே வந்தது. டிரம்மைக் காலால் நகர்த்தினார். அது உருண்டு போய் வடாபாவ் வண்டிக்கு எதிரில் வயிற்றைத் திறந்தது. "அஹோ காக்கா!" என்று, அதாவது 'ஏங்க பெரியவரே' என்று, வண்டிக்காரர் ஆரம்பித்த மராத்தியில் பாதி அவருக்குப் புரியவில்லை. மீதி நன்றாகவே புரிந்ததால் மளமளவென்று பின்னால் போனார். அங்கிருந்து பார்த்தால் கேபிள் வயர் ஒன்று தொய்ந்து மரத்துக்குக் குறுக்கே போயிற்று.

"போகட்டும், வீட்ல போய் அழிச்சுக்கலாம்" என்று படத்தை எடுத்துவிட்டார்.

வீட்டில் மருமகள் கிருஷ்ணப்ரியா, அதாவது ஜம்புநாதனின் மகள், மடிக்கணினியும் கையுமாக இருந்தாள்.

"மாமா, அப்பா போட்ட அந்தப் படம்..."

"அப்பாவுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதேம்மா. இந்த வயர எப்படி அழிக்கிறது, அத மட்டும் சொல்லு."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்தாள். விரலால் தேய்த்தால் போதும், அழிந்த இடத்தைச் செயலியே நிரப்பிவிடும் என்று கிருஷ்ணப்ரியா சொல்லிக்கொடுத்தாள்.

ராம்பிரசாத் தேய்த்தார். வயரோடு கனகவல்லியின் தலையும் போயிற்று. அந்த இடத்தில் செயலி இலைகளை வைத்தது.

"ஐயையோ, என் தலை எங்கே?"

"இரு, கொண்டு வரேன்."

மறுபடி தேய்த்தார். கைகள் மறைந்து இரண்டு விழுதுகள் தொங்கின. நிறத்தைக் கூட்டினால் சரியாகுமோ என்று கூட்டினார். மரம் கிளிப்பச்சையானது, புடவை குங்குமமாக ஜொலித்தது. பழையபடி ஆக்கும் பொத்தானைத் தேடி எதையோ அழுத்தியதில், படம் நேரே குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது.

கோயம்புத்தூர்ச் சித்திதான் முதலில் கும்பிட்டாள்: 'எந்த ஊர் அம்மன்?'

'உக்கிரமா இருக்கே. மாவிளக்கு போடலாமா?' என்றது இன்னொரு உறவு.

குழு முழுக்கக் கூப்பிய கைகள். கடைசியாக ஜம்புநாதன்: 'சம்பந்தி, அபிஷேகம் எத்தனை மணிக்கு?'

கனகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராம்பிரசாத் முதுகை நிமிர்த்தினார்.

"சிரிக்கட்டும்! நான் எடுத்தது மரம். அந்தக் கோணல் படத்த நம்ம வீட்டு ஆளு யாராவது எடுத்திருந்தா, நம்ம குடும்பத்து மானம் என்ன ஆகியிருக்கும்?"

கிருஷ்ணப்ரியா மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"அப்பா எடுக்கல மாமா. தேஹு ரோடு ஸ்டேஷன் வாசல்ல நீங்க ஷேர் ஆட்டோக்காரரோட சண்டை போட்டுட்டிருந்தீங்களே, அப்போ அத்தை எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்பினது அது."